அதே எண், வேறு பேருந்து

வெள்ளிக்கிழமை மாலை ஆறு இருபது.
கிராஞ்சி ரயில் நிலையத்தின் அடியில்
வரிசை சைக்கிள் நிறுத்துமிடத்தைச் சுற்றிப்போய்
தன் வாலைத் தானே முகர்ந்துகொண்டு நிற்கிறது.
நூற்றெழுபது வருகிறது, நிற்காமலே போகிறது.
அடுத்ததும்.
மூன்றாவதில் ஒரு காலுக்கு இடம் கிடைத்தது.
இன்னொரு காலை ஜொகூரில் ஊன்றிக்கொள்ளலாம்.

சிக்கிமுலாவிலிருந்து எல் ஃப்ளோரிதோ போன
சிற்றுந்திலும் எனக்கு ஒரு காலுக்குத்தான் இடம்.
பக்கத்தில் எத்தெல்வினா. கையில்
துணி சுற்றிய தையல் இயந்திரத்தின் தலை.
மலை வளைவில் அதில் பாதியை
என் இடுப்பில் சாய்த்தாள். கேட்கவெல்லாம் இல்லை.
அவள் மொழியில் எனக்குப் பத்துவரை எண்ணத் தெரியும்.
அந்தப் பத்துக்குள்ளேயே எல்லையை எட்டும்வரை பேசினோம்.
பிள்ளைகள் நாலு. இருப்பது மூன்று.
உனக்கு?
சுழியத்துக்குச் சொல் தெரியவில்லை.
கையை விரித்தேன்.

ஹொண்டுராஸ் சன்னலில் இருந்தவன்
ஐந்து டாலர் என்றான்.
எனக்குப் பின்னாலிருந்து, இயந்திரத்துக்கு மேலாக,
மூன்று விரல்கள் நீண்டன.
மூன்றுதான் கொடுத்தேன்.
குத்திய மை ஆறுமுன் கடவுச்சீட்டை மூடிவிட்டதில்
எதிர்ப்பக்கத்திலும் ஒரு ஹொண்டுராஸ்,
இடவலம் மாறி, கொஞ்சம் வெளுத்து.
அந்தச் சீட்டு காலாவதியாகி எத்தனையோ வருஷம்.
வெளியே நோட்டுக்கட்டோடு நின்றவனின் கால்குலேட்டரில்
ஏழாம் எண் தேய்ந்தே போயிருந்தது
என்பதுவரை நினைவிருக்கிறது.
அவள் எந்தப் பக்கம் இறங்கிப் போனாள் என்பது இல்லை.

உட்லண்ட்ஸில் கதவுதான் கேட்கிறது.
கட்டைவிரல்.
பதினொரு வருஷம் மருத்துவமனைச் சலவைப் பிரிவில்
வெந்நீரும் சோடாவும் தின்ற விரல்.
மறுபடி வை, என்கிறது. மறுபடி.
நெற்றியில் தேய்த்துக் கொஞ்சம் பிசுக்கு எடுத்து வைக்கிறேன்.
பிறகு கண்ணைக் கேட்கிறது.
எதற்குப் போகிறாய் என்று மட்டும் கேட்கவில்லை.
பல் அடைக்க என்று பதில் வைத்திருந்தேன்.

அப்புறம் ஓட்டம்.
மின்படியில் சும்மா நிற்பவர்கள் புதியவர்கள்.
வந்த பேருந்து எப்போதோ போயிருக்கும்.
அதே எண், வேறு பேருந்து,
மறுபடி அட்டையைத் தட்டு, கம்பியைத் தேடு.

"அக்கா, இத கொஞ்சம் புடிக்கிறீங்களா?"
கேக் பெட்டி.
கம்பிக்கு ஒரு கை வேண்டுமாம்.
குகனேசன். வீடு ஸ்கூடாய், வேலை
புக்கிட் பாத்தோக்கில் ஒரு கேக் கடை.
கண்ணாடி மூடி வழியே
ஜியா ஹுவாவுக்குப் பிறந்தநாள்.
ஜியா ஹுய் என்று இருந்திருக்க வேண்டும்;
ஒரு எழுத்துக்காக வேண்டாம் என்று போய்விட்டார்களாம்.
"மக பேரு இதழினி. பாலம் தாண்டுனதும்
பேர மாத்திடுவேன் லா. வீட்ல கிரீம் இருக்கு."

பாலத்தின் நடுவே நிற்கிறோம்.
ஓரத்துக் குழாய்க்குள் தண்ணீர் மட்டும்
எந்தக் கதவிலும் கண்ணைக் காட்டாமல் போகிறது.
பேருந்து ஓரடி ஊர்ந்தால்
மலேசியா வரவேற்கிறது என்கிறது கைத்தொலைபேசி.
மனம் மாறி சிங்கப்பூருக்கே திரும்புகிறது.
மறுபடி வரவேற்கிறது.
எட்டரைக்குப் பல் மருத்துவர். மணி எட்டு ஐந்து.

"எவ்ளோ சொன்னாங்க?"
"இருநூத்தம்பது ரிங்கிட்."
கம்பியை விட்டுவிட்டு விரல்களைத் தூக்கினான்.
ஒன்று. ஐந்து.
சுழியத்துக்குக் கையைக் குவித்து மூடினான்.
அட, அப்படியும் காட்டலாமா.

அந்த நேரம் பார்த்து பிரேக்.
அவன் என் மேல், பெட்டி என் இடுப்பில்.
நிமிர்ந்ததும் இருவருமாக மூடியைத் திறந்தோம்.
ஜியா ஹுவா முழுதாக மூடியோடு வந்துவிட்டாள்.
கேக்கில் வெறும் மஞ்சள்.

"வேல மிச்சம்" என்று சிரித்துவிட்டு
பின்னால் யாரிடமோ மலாயில் கேட்கிறான்,
இறங்கி நடந்தால் எவ்வளவு நேரம் என்று.